தோபா ஏரி: ஸ்லீப்பிங் பேக்கை அவிழ்க்காமலே திரும்பிய கதை

முதுகுப்பை எழுதியது:

இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில் பத்து நாள் சுற்றிவிட்டுப் போன வாரம்தான் வந்து சேர்ந்தேன். அதில் ஆறு நாள் தோபா ஏரி. வழி, படகு, விசா எல்லாம் கேட்டால் சொல்கிறேன். இப்போது எழுத வந்தது படுக்கையைப் பற்றி.

கிளம்பும்போது பையின் எடை பதினான்கு கிலோ. அதில் நான்கு கிலோ தூங்குவதற்கான சாமான்: ஸ்லீப்பிங் பேக், சுருட்டுப் பாய், ஊதும் தலையணை, கொசுவலை. எரிமலைக் குழியில் தேங்கிய ஏரி, அதன் நடுவில் தீவு, தீவின் மேல் மலை, மலையில் கிராமம் என்று படித்ததுமே மனசில் ஒரு படம் வந்துவிட்டது. ஒழுகும் கூரை, மண் தரை, இருட்டில் தவளைச் சத்தம். அந்தப் படத்துக்காகச் சுமந்ததுதான் அந்த நான்கு கிலோ.

மேடான் நகரத்திலிருந்து பேருந்து. பெமாத்தாங் சியாந்தார் வரை செம்பனை, ரப்பர், லாரி, புழுதி. அப்புறம் சாலை ஏறுகிறது. பைன் மரங்களுக்கு நடுவில் ஒரு வளைவு திரும்பியதும் தண்ணீர். ஏரி என்று தெரிந்தும் கண் ஒத்துக்கொள்ள மறுத்தது. எதிர்க்கரையே நீலப் புகைக்குள் இருந்தது. பாராபாட்டில் இறங்கி, திகாராஜா படகுத்துறையில் ஏரி நடுவில் இருக்கும் சமோசிர் தீவின் துக்துக் என்ற ஊருக்குப் போகும் கடைசிப் படகைப் பிடித்தேன். படகில் இருந்த பையன் ஒவ்வொருவரிடமும் விடுதியின் பெயரைக் கேட்டுக்கொண்டே வந்தான். என்னிடம் சொல்லப் பெயர் இல்லை, கையை விரித்தேன். என் பையைப் பார்த்தான், செருப்பைப் பார்த்தான், சரி என்று தலையாட்டிக்கொண்டான். துக்துக்கில் நகரப் பேருந்து மாதிரி விடுதிக்கு விடுதி படகு நின்று, அவரவர் படிக்கட்டிலேயே இறக்கிவிடுகிறது. என்னை ஐந்தாவதோ ஆறாவதோ படிக்கட்டில் இறக்கினான்.

குடை பிடித்தபடி ஒரு அம்மா வந்து அறையைத் திறந்து காட்டினார். பெரிய கட்டில், வெள்ளைத் துப்பட்டி, இரண்டு பக்கமும் ஜன்னல், குழாயைத் திருப்பினால் வெந்நீர். முன்னால் திண்ணை போல ஒரு இடம், அதில் மூங்கில் நாற்காலி, எட்டடி கீழே ஏரி. விலையைக் கேட்பதற்கு முன்பே, "இதைவிடக் குறைந்த வாடகைக்கு அறை இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டேன். பழக்கதோஷம். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இதுதான் இருப்பதிலேயே குறைந்தது" என்றார்.

சரி, அது சுற்றுலாக்காரர்கள் வரும் இடம், விட்டுவிடலாம். நான்காம் நாள் தீவைக் குறுக்கே நடந்து கடக்கக் கிளம்பினேன். அம்பாரித்தா ஊருக்குப் பின்னால் ஏறி, மேட்டு நிலத்தில் ஒரு இரவு தங்கி, மறுநாள் தீவுக்குள்ளேயே இருக்கும் சிதிஹோனி ஏரி வழியாக மறுபக்கத்துப் பாங்குருரான் ஊருக்கு இறங்குவது திட்டம். மேலே போய்ச் சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கண்ணில் பட்ட முதல் வீட்டில் கேட்டேன். அந்த வீட்டுப் பாட்டி என்னை மாட்டுக் கொட்டிலுக்கு அனுப்புவார் என்று நினைத்தேன். அழைத்துப் போன அறையில் டைல்ஸ் தரை, ஸ்பிரிங் மெத்தை, ரோஜாப்பூப் போட்ட தடிமனான கம்பளி. கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத மெத்தை அது. ராத்திரி முழுக்க நான் புரளும்போதெல்லாம் சரசரவென்று சத்தம். வெளியே மழை, உள்ளே பிளாஸ்டிக். அப்படியொரு தூக்கம் தூங்கி வருஷக்கணக்காகிறது.

இதுதான் கதை. ஸ்லீப்பிங் பேக் மடித்தது மடித்தபடியே வீட்டுக்கு வந்துவிட்டது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

படிக்க நன்றாக இருந்தது, ஆனால் ஒரு சண்டை போட்டே ஆக வேண்டும். வெந்நீர், திண்ணை, மூங்கில் நாற்காலி. இதற்குப் பெயர் பேக்பேக்கிங்கா? சூட்கேஸ் வைத்திருந்தாலும் அந்தப் பையன் அதே படிக்கட்டில்தானே இறக்கியிருப்பான்?

நான் லொம்போக் தீவில் ரிஞ்சானி எரிமலை ஏறினேன். அதன் குழியில் இருக்கும் செகாரா அனாக் ஏரி கிட்டத்தட்ட 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே விடுதி கிடையாது, வீடு கிடையாது. கூடாரம் மட்டும்தான். இரவு குளிரில் பல் அடித்துக்கொள்ள, விடிந்ததும் பக்கத்து வெந்நீர் ஊற்றில் போய் உட்கார்ந்தேன். அந்த வெந்நீருக்கு நான் விலை கொடுத்திருந்தேன். குழாயில் வருவது வேறு.

எரிமலைப்பித்தன் எழுதியது:

ரிஞ்சானியில் உங்கள் கூடாரத்தையும் அரிசியையும் சுமந்தது யார், கணக்கு? சுமைக்காரர்கள்தானே? ரப்பர் செருப்போடு மூங்கில் தடியில் தொங்கவிட்டுத் தூக்கிக்கொண்டு உங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருப்பார்கள். அதனால் விலை கொடுத்த கணக்கைக் கொஞ்சம் பார்த்து எழுதுங்கள்.

நான் வந்தது வேறு விஷயத்துக்கு. முதுகுப்பை அண்ணே, "எரிமலைக் குழியில் தேங்கிய ஏரி" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். அது சாதாரண வாய்க்குழி இல்லை, கால்டெரா. அடியில் இருந்த பாறைக்குழம்பு வெளியே கொட்டியதும் மேலே இருந்த நிலம் தாங்க ஆளில்லாமல் உள்ளே சரிந்து விழுந்த பள்ளம். சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் நடந்தது. வெளியே வந்த பாறைக்குழம்பு ஏறத்தாழ 2,800 கன கிலோமீட்டர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. கடந்த இருபது லட்சம் ஆண்டுகளில் பூமி பார்த்த மிகப் பெரிய வெடிப்புகளில் ஒன்று. ஏரி சுமார் 100 கிலோமீட்டர் நீளம், 30 கிலோமீட்டர் அகலம், ஆழமான இடத்தில் 500 மீட்டருக்கு மேல். நீர்மட்டமே கடலைவிடச் சுமார் 900 மீட்டர் உயரம், அதனால்தான் அங்கே புழுக்கம் இல்லை.

அதைவிட எனக்குப் பிடித்தது தீவுதான். சமோசிர் ஏரிக்குள் புதிதாக முளைத்த எரிமலை கிடையாது. வெடிப்பு அடங்கிய பிறகு, அடியில் மிச்சமிருந்த குழம்பு மறுபடி மேலே தள்ளியதில் ஏரியின் அடித்தரையே பலகை மாதிரி ஒரு பக்கம் சாய்ந்தபடி எழும்பிவிட்டது. மேட்டு நிலத்தில் வெட்டிய ஓரங்களில் வெளிர் நிறத்தில் ஏடு ஏடாக மண் பார்த்தீர்களா? ஏரிக்குள் படிந்த வண்டல் அது.

முதுகுப்பை எழுதியது:

பார்த்தேன்! பாதை ஓரத்தில் ஒரு துண்டைப் பெயர்த்துக்கூடப் பார்த்தேன். பழைய நோட்டுப் புத்தகம் மாதிரி ஏடு ஏடாக உதிர்ந்தது. சுண்ணாம்போ என்னவோ என்று போட்டுவிட்டு நடந்துவிட்டேன்.

எரிமலைப்பித்தன் எழுதியது:

அப்படியானால் ஸ்பிரிங் மெத்தை போட்டுப் படுத்தது ஏரியின் பழைய அடித்தரை மேல். யாருக்குக் கிடைக்கும்?

சொல்லிக்கொண்டே போனால் நிறுத்த மாட்டேன், இன்னும் ஒன்று. அந்தச் சாம்பல் இந்தியா வரை வந்து விழுந்திருக்கிறது. ஆந்திராவில் ஜ்வாலாபுரம் என்ற இடத்தில் அந்தச் சாம்பல் அடுக்குக்குக் கீழேயும் மேலேயும் கல் கருவிகள் கிடைத்ததாக 2007இல் ஆய்வு வெளிவந்தது. தோபா வெடிப்பால் மனித இனமே அழிவின் விளிம்புக்குப் போனது என்று 1998இல் ஸ்டான்லி அம்ப்ரோஸ் எழுதினார். அதை மறுப்பவர்கள் கையில் எடுக்கும் சான்றுகளில் ஜ்வாலாபுரமும் ஒன்று. சாம்பல் விழுந்தது, கல் உடைக்கிறவர்கள் தொடர்ந்து உடைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது அவர்கள் பக்கம். சண்டை இன்னும் தீரவில்லை.

அல்லி எழுதியது:

நான் தனியாகப் பயணம் செய்கிற பெண். கணக்குப்பிள்ளையின் கேள்வியை நான் வேறு மாதிரி பார்ப்பேன். எந்த ஊரிலும் அறையைக் காட்டினால் நான் முதலில் பார்ப்பது வெந்நீரையோ ஏரியையோ இல்லை, கதவின் உட்தாழ்ப்பாளை. தாழ்ப்பாள் சரியாக விழுந்தால் அது நல்ல அறை. குளியலறை அறைக்குள்ளேயே இருந்தால் அரண்மனை. கஷ்டப்பட்டால்தான் பயணம் என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு வெளிக் கழிவறைக்குப் போக யோசிக்க வேண்டாதவர்கள்.

இதே மாதிரி ஒரு அனுபவம் எனக்கு ஈக்வடாரில். கிலோத்தோவா என்று ஒரு எரிமலை ஏரி. சுமார் 800 ஆண்டுகளுக்கு முன் வெடித்தது, விட்டம் மூன்று கிலோமீட்டர் இருக்கும், விளிம்பு 3,900 மீட்டர் உயரத்தில். சிக்சோஸ், இசின்லிவி, சுக்சிலான் என்று கிராமம் கிராமமாக மூன்று நாள் நடந்து போய்ச் சேருவது வழக்கம். நானும் உங்களைப் போலத்தான், குளிரில் விறைக்கப் போகிறேன் என்று பயந்துகொண்டே போனேன். சுக்சிலானில் அறைக்குள்ளேயே விறகடுப்பு இருந்தது. ராத்திரிச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் வாடகையிலேயே சேர்த்தி. வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சூப் குடித்தோம். வெளியே மூடுபனி சுவர் மாதிரி நின்றது.

ஆனால் அது ஏன் அப்படி என்று புரிந்தது. அந்த நடைபாதையை நம்பியே அந்த விடுதிகள் இருக்கின்றன, தினமும் ஆள் வருகிறார்கள். உங்கள் மேட்டு நில வீடு அப்படி இல்லையே? ஆளே வராத இடத்தில் ஒரு பாட்டி எதற்கு ஸ்பிரிங் மெத்தை வாங்கிப் போட்டு வைத்திருக்கிறார்?

ஒற்றைச்செருப்பு எழுதியது:

துக்துக் விஷயத்துக்கு நான் பதில் சொல்கிறேன், மேட்டு நிலத்துக்கு அவரே சொல்லட்டும். எனக்கு மலாய் பேச வரும், அங்கே போனால் அது பெரிய உதவி.

நான் முதலில் போனது 1995இல். அப்போது துக்துக்கில் அறை கிடைக்க மூன்று இடம் ஏறி இறங்கினேன். ஐரோப்பாக்காரர்கள் மாதக்கணக்கில் தங்கியிருந்தார்கள். புதுசு புதுசாக விடுதி கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் 1997, 98 பணநெருக்கடி, அதிபர் சுஹார்த்தோ பதவி இறங்கியது, கலவரம், 2002இல் பாலி குண்டுவெடிப்பு என்று அடி மேல் அடி. இரண்டாம் முறை போனபோது அதே இடத்தில் பத்து அறைக்கு ஒரு அறையில் விளக்கு எரிந்தது. நீச்சல் படிக்கட்டில் பாசி. மாடியில் பாதி கட்டி நிறுத்திய அறை, கம்பி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

இப்போது நிலைமை தேறியிருக்கிறது. ஏரிப் பக்கம் இருக்கும் சிலாங்கிட் விமான நிலையத்தைப் பெரிதாக்கினார்கள், 2020இல் யுனெஸ்கோவின் ஜியோபார்க் (நிலவியல் பூங்கா) பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. ஆனாலும் கட்டிய அறைகளின் எண்ணிக்கைக்கு வருகிற ஆள் போதாது, வார நாட்களில் போனால் தெரியும். அதனால்தான் குறைந்த அறைக்கே இரண்டு ஜன்னலும் மூங்கில் நாற்காலியும் கிடைக்கிறது. முதுகுப்பைக்குக் கிடைத்தது அதிர்ஷ்டம் மாதிரி தெரியலாம். அந்தக் குடை அம்மாவின் பக்கம் இருந்து பார்த்தால் வேறு மாதிரி இருக்கும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

சுமைக்காரர் விஷயம் ஒத்துக்கொள்கிறேன். பதில் இல்லை.

அல்லி அக்கா சொன்ன தாழ்ப்பாள் விஷயமும் சரி. ஆனால் என் கேள்வி இன்னும் முழுதாகத் தீரவில்லை. வசதி இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டால் எழுந்து போகத் தோன்றுமா? முதுகுப்பையே நான்காம் நாள்தான் மலை ஏறியிருக்கிறார். முதல் மூன்று நாள் என்ன செய்தீர்கள் ஐயா?

முதுகுப்பை எழுதியது:

பிடித்துவிட்டீர்கள். முதல் நாள் நாற்காலி. இரண்டாம் நாள் நாற்காலி, நடுவில் ஏரியில் குளியல். படியிலிருந்து குதித்தால் நேரே ஆழம், நீச்சல் தெரியாதவர்கள் படியை விட்டு நகர வேண்டாம். மூன்றாம் நாள் ஸ்கூட்டர் எடுத்துக்கொண்டு தோமோக்கும் அம்பாரித்தாவும். தோமோக்கில் சிதாபுத்தார் அரசரின் கல் சவப்பெட்டி. அம்பாரித்தாவில் மரத்தடியில் வட்டமாகக் கல் நாற்காலிகள், அந்தக் காலத்து நீதிமன்றம். தீர்ப்பு சொன்ன கல்லையும் நிறைவேற்றிய கல்லையும் வழிகாட்டி தொட்டுத் தொட்டுக் காட்டினார். நான் கல் நாற்காலியில் உட்கார்ந்தும் பார்த்தேன். மூங்கிலே தேவலை.

அந்தப் பகுதி மக்களான படாக்காரர்களின் வீடுகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். கூரை இரண்டு முனையும் தூக்கி, சேணம் மாதிரி இருக்கும். வாசல் குட்டை, குனியாமல் போக முடியாது. முன் சுவரில் பல்லியும் நான்கு முலைகளும் செதுக்கியிருப்பார்கள். பல்லி எங்கே போனாலும் ஒட்டிக்கொள்ளும், படாக்காரனும் அப்படி, ஆனால் தாயை மறக்கக் கூடாது என்பது வழிகாட்டி சொன்ன விளக்கம். அப்போது கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டேன். மறுநாள்தான் அது உறைத்தது.

அல்லி கேட்டதற்கு இப்போது வருகிறேன். ஏறும் பாதை சும்மா இல்லை. வயலைத் தாண்டியதும் செங்குத்து, அப்புறம் பைன் காடு, கிளைப் பாதைகள் நிறைய. கேட்க ஆளும் கிடைக்காது. மூன்று மணி நேரம் என்றார்கள், எனக்கு ஐந்து ஆனது. அந்த நான்கு கிலோவைத் திட்டிக்கொண்டே ஏறினேன். மேலே சமதரை, காப்பிச் செடி, எருமை, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி வீடுகள். வீடுகளைவிடப் பெரிதாக, பளபளவென்று வண்ணம் அடித்த கல்லறைகள். படாக் பிள்ளைகள் வெளியூர் போய்ச் சம்பாதித்து முன்னோருக்குக் கட்டுவது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அந்தப் பாட்டியை எல்லோரும் ஓப்புங் என்று கூப்பிட்டார்கள், தாத்தா பாட்டிக்கு அங்கே அதுதான் சொல். என் அறையின் சுவரில் ஒரு படம்: பட்டமளிப்பு அங்கி போட்ட பையன். மகன் என்றார். பாத்தாம் தீவில் வேலை. அந்த டைல்ஸ், மெத்தை, கம்பளி எல்லாமே அவன் அனுப்பிய பணம். கிறிஸ்துமஸுக்குக் குடும்பத்தோடு வருவான், புது வருஷம் முடிந்ததும் போய்விடுவான். மிச்ச நாள் முழுக்க அறை பூட்டித்தான் கிடக்கிறது. பிளாஸ்டிக் உறையை ஏன் பிரிக்கவில்லை என்று சைகையில் கேட்டேன். புழுதி படியும் என்று கையால் துடைத்துக் காட்டினார்.

அல்லி எழுதியது:

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். பிள்ளைக்கென்று பிரிக்காமல் வைத்திருந்த மெத்தை. நீங்கள் அங்கே படுத்தது சரியா என்று கேட்கத் தோன்றியது, அப்புறம் அவர்தானே அழைத்துப் போய் விட்டார் என்றும் தோன்றியது. பணம் கொடுத்தீர்களா?

முதுகுப்பை எழுதியது:

கொடுத்தேன். நோட்டை எண்ணிப் பார்த்தார், பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். குளிக்க ஒரு பானை வெந்நீர், ராத்திரி சோறும் மீனும், காலையில் காப்பி. எல்லாம் சேர்த்து அந்தப் பாதிதான்.

நீங்கள் கேட்ட அந்தச் சங்கடம் எனக்கும் இருந்தது. முதலில் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில்தான் பாயை விரித்தேன். ஓப்புங் விளக்கோடு வந்து பார்த்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. பாயைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டு, மெத்தையை இரண்டு தட்டுத் தட்டினார். அப்புறம் எதிர்த்துப் பேச முடியுமா?

சோம்பேறி ராஜா எழுதியது:

எல்லோரும் உருகுகிறீர்கள், நான் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகிறேன். நானும் தோபா போனேன், சனிக்கிழமை. எனக்குக் கிடைத்த அறையில் மெத்தை நடுவில் குழி, சுவரில் பூஞ்சை, வெந்நீர் என்று எழுதிய குழாயில் வந்தது ஏரித் தண்ணீர். பக்கத்து விடுதியில் கரோக்கி. படாக்காரர்கள் பாட்டில் கெட்டிக்காரர்கள், மறுக்கவில்லை, ஆனால் ராத்திரி ஒரு மணிக்கு எனக்குத் தேவை பாட்டு இல்லை. வாரக் கடைசியில் மேடான்காரர்கள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். திங்களிலிருந்து வியாழனுக்குள் போய் வருவது உத்தமம்.

இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை காலை. பெரும்பாலும் கிறிஸ்தவர்கள், எல்லோரும் தேவாலயத்தில் இருப்பார்கள், கடை திறக்காது. நான் பசியோடு ஒரு தேவாலய வாசலில் நின்று நாலு குரலில் பாடுவதைக் கேட்டேன். அது மட்டும் கரோக்கிக்கு ஈடு செய்துவிட்டது என்று ஒத்துக்கொள்கிறேன்.

ஒற்றைச்செருப்பு எழுதியது:

சாப்பாட்டுப் பேச்சு வந்ததால் ஒரு எச்சரிக்கை. உணவகப் பலகையில் பி1, பி2 என்று எழுதியிருக்கும். அறை எண் இல்லை. பி1 நாய்க்கறி, பி2 பன்றிக்கறி. வேண்டாம் என்றால் மீன் கேளுங்கள். ஆர்சிக் என்று மஞ்சள் போட்டு வற்ற வைத்த கெண்டை நம் நாக்குக்கு ஒத்துப் போகும். அதில் அண்டாலிமான் என்ற குட்டி மிளகு போடுவார்கள், உறைப்போடு நாக்கின் நுனி மரத்துப்போகும். பயப்பட வேண்டாம், பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். சைவக்காரர்களுக்குச் சோறு, கீரை, டெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி), முட்டை என்று ஓட்டிவிடலாம், ஆனால் குழம்பில் என்ன போட்டார்கள் என்று கேட்டே தீர வேண்டும்.

எரிமலைப்பித்தன் எழுதியது:

படகைப் பற்றி யாரும் எழுதவில்லையே. 2018 ஜூனில் சினார் பாங்குன் என்ற படகு சமோசிரின் சிமானிந்தோவிலிருந்து திகாராஸ் போகும் வழியில் மூழ்கியது. ஏற்ற வேண்டிய ஆளைவிடப் பல மடங்கு ஏற்றியிருந்தார்கள், மோட்டார் சைக்கிள்களும் இருந்தன. நூற்றறுபதுக்கு மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். படகு கிடந்தது 450 மீட்டர் ஆழத்தில், கடைசிவரை மேலே எடுக்கவே இல்லை. நான் மேலே "500 மீட்டர்" என்று ஜாலியாக எழுதினேனே, அந்த ஆழத்துக்கு இப்படியும் ஒரு அர்த்தம் உண்டு. மதியத்துக்கு மேல் காற்று எழும்பும். உயிர்காப்பு மேலங்கி எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு உட்காருங்கள். நிரம்பி வழிந்தால் அடுத்த படகு.

முதுகுப்பை எழுதியது:

நல்ல வேளை சொன்னீர்கள். நான் வந்த படகில் மேலங்கிகள் கூரைக்குக் கீழே மாட்டியிருந்தன, நான் எண்ணவில்லை.

வழி கேட்டுத் தனிச்செய்தியில் மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள், அதனால் பொதுவில் சுருக்கமாக. இந்தியக் கடவுச்சீட்டுக்கு மேடான் குவாலாநாமு விமான நிலையத்திலேயே விசா, 30 நாள், 5,00,000 ருப்பியா. இணையத்தில் முன்கூட்டியும் எடுக்கலாம். அங்கிருந்து பாராபாட்டுக்குப் பேருந்தோ பகிர்ந்துகொள்ளும் காரோ, நான்கைந்து மணி நேரம். சாயங்காலத்துக்குள் படகுத்துறைக்குப் போய்விடுங்கள், கடைசிப் படகு போய்விட்டால் பாராபாட்டில்தான் தங்க வேண்டும். இரவில் ஒரு ஸ்வெட்டர் போதும். மேட்டு நிலத்தில் இரண்டு.

இறங்கும் வழி பற்றி எழுத மறந்துவிட்டேன். சிதிஹோனி சின்ன ஏரி, எருமைகள் இறங்கிக் கிடந்தன. சுமத்ரா தீவு, அதில் தோபா ஏரி, அதில் சமோசிர் தீவு, அதில் இந்த ஏரி. அங்கிருந்து பாங்குருரானுக்குச் சாலை. ஊர்க்கோடியில் தோபாவின் இரு பக்கத் தண்ணீரும் சேரும் ஒரு கால்வாய், டச்சுக்காரர்கள் காலத்தில் வெட்டியது. அதற்கு முன் சமோசிர் ஒரு மெல்லிய கழுத்தால் கரையோடு ஒட்டிக்கொண்டுதான் இருந்ததாம். பாலம் தாண்டினால் பூசுக் பூஹிட் மலை அடிவாரத்தில் வெந்நீர் ஊற்று. கந்தக நாற்றம், மலைச்சரிவு வெள்ளையாக வெந்து கிடக்கிறது. இரண்டு நாள் நடந்த கால்களை அதில் வைத்தேன். கணக்குப்பிள்ளை, அந்த வெந்நீருக்கு நானும் விலை கொடுத்துவிட்டேன், கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

எழுதிக்கொண்டேன். சுமைக்காரர் இல்லாமல் போனதால் உங்களுக்கு ஒரு படி மேலேயே.

அந்தப் பாட்டி வீடு எங்கே என்று அடையாளம் சொல்ல முடியுமா? டிசம்பர் கடைசியில் விடுமுறை கிடைக்கும் போலிருக்கிறது, அப்போது போகலாமா என்று பார்க்கிறேன்.

முதுகுப்பை எழுதியது:

அடையாளத்தைப் பொதுவில் போட மனசு வரவில்லை. அது விடுதி இல்லை. நாளைக்குப் பத்துப் பேர் போய் நின்றால் பத்துப் பேருக்கும் வெந்நீர் போட உட்கார்ந்துவிடுவார். பைன் காடு முடியும் இடத்தில் மழை பிடித்தால் நீங்களே கண்டுபிடிப்பீர்கள்.

டிசம்பரில் போவதானால் துக்துக்கில் முன்பதிவு செய்துகொள்ளுங்கள், கூட்டமாக இருக்கும். மேட்டு நிலத்துக்கும் தாராளமாக ஏறுங்கள். ஆனால் அந்த அறையை மட்டும் கேட்காதீர்கள். அப்போது மகன் வந்திருப்பான்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

சரி. அப்போ உங்கள் ஸ்லீப்பிங் பேக்கைக் கடன் கொடுங்கள்.